கம்ப்யூட்டர் அடிக்கடி ஹேங் ஆகிறதா? ஃபார்மட் அடிக்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

"சிஸ்டம் திடீர் திடீர்னு ஹேங் ஆகுது" என்று சர்வீஸுக்குக் கொண்டுபோனால், பல இடங்களில் முதல் வைத்தியமே ஃபார்மட் அடித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான். பத்து நாள் நன்றாக ஓடும். பிறகு பழையபடி ஸ்க்ரீன் அப்படியே நின்றுவிடும். கோளாறு ஹார்ட்வேரில் இருந்தால் விண்டோஸை எத்தனை முறை மாற்றினாலும் இதுதான் நடக்கும். எப்படி நின்றது என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். அந்த விவரம் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும், கடைக்காரருக்குத் தெரியாது.

அடுத்த முறை நின்றால் உடனே பவர் பட்டனை அழுத்தாதீர்கள். முதலில் கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் விண்டோஸ் உள்ளே உயிரோடு இருக்கிறது. மவுஸ் நகர்கிறது, ஆனால் க்ளிக் வேலை செய்யவில்லை, இரண்டு நிமிடம் கழித்து நீங்கள் க்ளிக் செய்தது எல்லாம் மொத்தமாகத் திறக்கிறது என்றால் சந்தேகம் டிஸ்க் மேல். கேபினெட்டின் முன்பக்க டிஸ்க் விளக்கும் அப்போது சிமிட்டாமல் விடாமல் எரிந்துகொண்டிருக்கும். படம் மட்டும் நின்று பாட்டு தொடர்ந்து ஓடினால் டிஸ்ப்ளே டிரைவரைப் பாருங்கள். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தினால் டிரைவர் மறுபடி துவங்கும். ஒரு பீப் கேட்டு, திரை ஒரு நொடி கறுத்து உயிர் பெறும். மவுஸும் செத்து, கேப்ஸ் லாக்கும் செத்து, ஸ்பீக்கரில் "ட்ர்ர்ர்" என்று ஒரே சத்தம் மாட்டிக்கொண்டால் விஷயம் பெரிது: ராம், பவர் சப்ளை (எஸ்எம்பிஎஸ்), கிராஃபிக்ஸ் கார்டு, மதர்போர்டு ஆகியவற்றில் ஒன்று.

ஐந்து நிமிடம் காத்திருந்து பாருங்கள். தானே மீள்கிறதா, கடைசிவரை மீளவே இல்லையா என்பதும் முக்கியமான தகவல். தேதி, நேரம், அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

அடுத்து ஈவென்ட் வியூவர், அதாவது நடந்ததையெல்லாம் விண்டோஸ் குறித்து வைக்கும் பதிவேடு. விண்டோஸ் லாக்ஸ், அதனுள் சிஸ்டம் என்று போனால் சிவப்பு அடையாளத்தோடு "கெர்னல் பவர் 41" தெரியும். இதைப் பார்த்ததும் "பவர் பிராப்ளம், எஸ்எம்பிஎஸ் மாத்தணும்" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த 41 சொல்வதெல்லாம் கம்ப்யூட்டர் முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதை மட்டும்தான். பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அதுவே பதிவாகும். பார்க்க வேண்டியது அதற்கு முந்தைய பதிவுகளை. "டிஸ்க்" என்ற பெயரில் 7, 51, 153, அல்லது "ஸ்டோர்ஏஹெச்சிஐ" 129 இருந்தால் டிஸ்க் அல்லது அதன் கேபிள். "டிஸ்ப்ளே" 4101 என்றால் கிராஃபிக்ஸ். "வீயா லாக்கர்" (WHEA-Logger) என்று வந்தால் பிராசஸரோ, ராமோ, பிசிஐ ஸ்லாட்டில் உள்ள கார்டோ தவறைத் தெரிவித்திருக்கிறது. எதுவுமே எழுதப்படாமல் நேராக 41 வந்திருந்தால், பதிவு எழுதக்கூட அவகாசம் இல்லாமல் எல்லாம் ஒரே நொடியில் நின்றிருக்கிறது. பெரும்பாலும் ஹார்ட்வேர்தான்.

வீட்டுக் கம்ப்யூட்டர்களில் அதிகம் பார்க்கக் கிடைப்பது டிஸ்க் கோளாறு, குறிப்பாக இன்னும் 500 ஜிபி, 1 டிபி ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே விண்டோஸ் ஓடும் சிஸ்டங்களில். டிஸ்க்கில் ஒரு செக்டர் (தகவல் பதியும் சிறு பகுதி) பழுதானால், டிரைவ் உடனே "படிக்க முடியவில்லை" என்று சொல்லிவிடாது. அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயலும். அதுவரை விண்டோஸ் கைகட்டி நிற்கும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் காட்டும். ஆனால் வேகம் 1 எம்பிகூட இருக்காது, ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் ஆயிரக்கணக்கான மில்லிசெகண்டுக்குப் போயிருக்கும். இந்த மூன்றும் ஒன்றாகத் தெரிந்தால் வேறு இடத்தில் தேட வேண்டியதில்லை.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். அதில் "கரண்ட் பெண்டிங் செக்டர் கவுண்ட்" பூஜ்யமாக இருக்க வேண்டும். அது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கை. "ரீஅலோகேட்டட் செக்டர்ஸ்" என்பது கெட்டுப்போனதால் ஏற்கெனவே விலக்கி வைக்கப்பட்டவை; இந்த எண் வாரத்துக்கு வாரம் ஏறினால் டிஸ்க்கின் காலம் முடிகிறது என்று அர்த்தம். ஃபார்மட் அடித்ததும் பத்து நாள் நன்றாக ஓடியதன் ரகசியமும் இங்கேதான் இருக்கிறது. பெண்டிங் செக்டர் மேல் புதிதாக எதையாவது எழுதும்போது, டிரைவ் அதைச் சரிபார்த்து, தேறாவிட்டால் உபரி இடத்துக்கு மாற்றிவிடும். அடுத்த செக்டர் கெடும்வரை எல்லாம் சரியானது போலத் தோன்றும்.

"யுடிஎம்ஏ சிஆர்சி எரர் கவுண்ட்" ஏறினால் பெரும்பாலும் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள், டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றுங்கள். ஒரு டீ, பஜ்ஜி செலவுக்குக் கொஞ்சம் மேலே ஆகும், அவ்வளவுதான். கேபிள் மாற்றினாலும் பழைய எண் குறையாது. மேற்கொண்டு ஏறாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. டிஸ்க் சந்தேகம் வந்தால் முதல் வேலை, போட்டோக்களையும் ஆவணங்களையும் வேறு டிரைவுக்கு எடுத்து வைப்பது. அதற்கு முன் "செக் டிஸ்க்" கட்டளையை ஆர் சேர்த்து (chkdsk /r) ஓட்டாதீர்கள். அது டிஸ்க் முழுவதையும் இண்டு இடுக்கு விடாமல் படிக்கும். தள்ளாடும் டிஸ்க் அந்தச் சோதனையிலேயே படுத்துவிடலாம்.

டிஸ்க் சுத்தம் என்றால் ராம். மின்சார ஒயரைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி, மிச்ச மின்சாரம் வடிந்த பிறகு கழற்றுங்கள். தங்க நிறப் பட்டையைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ரப்பர் துகள் ஸ்லாட்டில் விழாமல் துடைத்து, "க்ளிக்" கேட்கும்வரை அழுத்திச் செருகுங்கள். கடலோர ஊர்களில், ஏசி இல்லாத அறைகளில் இந்த ஒரு வேலையிலேயே சரியாகிவிடும் கம்ப்யூட்டர்கள் உண்டு. ஆகவில்லையென்றால் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓட விடுங்கள். நான்கு சுற்று முடியவேண்டும். ராமில் "ஒரே ஒரு எரர்தானே" என்ற கணக்கெல்லாம் கிடையாது. ஒன்று வந்தாலே தோல்வி. அதன் பிறகு ஒரு சமயத்தில் ஒரு ராம் மட்டும் போட்டுப் பார்த்தால் எது குற்றவாளி என்று தெரியும். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் மதர்போர்டு செட்டிங்) ராமை அதிக வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி போட்டிருந்தால் அதை அணைத்துவிட்டும் ஒரு முறை சோதியுங்கள். ராம் நல்லதாகவே இருந்து, வேகம் மட்டும் அதிகமாக வைக்கப்பட்டிருக்கலாம்.

சூட்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், ஆனால் சூடு பொதுவாக முதலில் வேகத்தைக் குறைக்கும், பிறகு கம்ப்யூட்டரை அணைத்துவிடும். அப்படியே உறைய வைப்பது குறைவு. சூட்டைக் காட்டும் ஹெச்டபிள்யூ இன்ஃபோ மென்பொருளில், சும்மா இருக்கும்போது 40–50 டிகிரி, வேலை செய்யும்போது 85-க்குள் இருந்தால் பிராசஸரை விட்டுவிடலாம். 95-ஐத் தொட்டால் தூசி தட்டி, பிராசஸர் மேல் தடவும் பேஸ்ட்டை மாற்றி, கூலரின் நான்கு பின்களும் பின்பக்கம் சரியாக மாட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றின் வேகத்தில் சுழன்றால் பேரிங் கெடும்.

எஸ்எம்பிஎஸ்ஸில் மல்டிமீட்டரால் 12 வோல்ட் லைன் 11.4 முதல் 12.6 வரையும், 5 வோல்ட் லைன் 4.75 முதல் 5.25 வரையும் இருக்க வேண்டும். கேம் போன்ற கனமான வேலை ஓடும்போது அளந்து பாருங்கள். சும்மா இருக்கும்போது எல்லா எஸ்எம்பிஎஸ்ஸும் யோக்கியன்தான். அதைத் திறந்து பார்க்க ஆசைப்படாதீர்கள், ஒயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கபாசிட்டரில் உயிரை எடுக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கும். வீட்டு இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டர் ஓடினால் அதன் ஸ்விட்ச் யுபிஎஸ் மோடில் இருக்கட்டும். கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்றால் எர்த் இல்லை. முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சில மாடல்களுக்கென்றே உள்ள வியாதிகளும் உண்டு. ஏஎம்டி ரைசன் பிராசஸரின் முதல் தலைமுறையில் சும்மா விட்டிருக்கும்போது மட்டும் உறைந்தால், பயாஸில் "பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்" என்பதை "டிப்பிக்கல் கரண்ட் ஐடில்" என்று மாற்றுங்கள். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் அதிக வோல்டேஜ் போய் பிராசஸரே சேதமாகும் பிரச்சினைக்கு 2024-இல் மைக்ரோகோடு (பிராசஸருக்குள் ஓடும் அடிப்படை நிரல்) திருத்தம் வந்தது. பயாஸை அப்டேட் செய்யாதவர்கள் உடனே செய்யவும். ஏற்கெனவே ஆன சேதத்தை அது சரிசெய்யாது. பாக்ஸில் வாங்கிய பிராசஸருக்கு வாரண்டியை இன்டெல் இரண்டு ஆண்டு நீட்டித்திருப்பதால், பில்லைத் தேடி எடுத்து வையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பிடிபடாவிட்டால் தீர்ப்பு சொல்லும் சோதனை ஒன்று இருக்கிறது. 8 ஜிபி பென்டிரைவில் உபுண்டுவை (விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டம்) ஏற்றி, உள்ளே உள்ள டிஸ்க்குகளின் கேபிள்களைக் கழற்றிவிட்டு, இன்ஸ்டால் செய்யாமல் "ட்ரை" என்பதில் ஓட்டுங்கள். வழக்கமாக எவ்வளவு நேரத்தில் உறையுமோ அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் வீடியோ ஓடட்டும். அப்போதும் உறைந்தால் விண்டோஸ் மேலும் டிஸ்க் மேலும் குற்றமில்லை. உறையவில்லை, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ எண்களும் சுத்தம் என்றால்தான் டிரைவர், ஒரே சிஸ்டத்தில் இரண்டு ஆன்டிவைரஸ், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று மென்பொருள் பக்கம் போக வேண்டும். அங்கேயும் எதுவும் தேறாமல் போனால் ஃபார்மட் அடிக்கலாம்.

ராமும் எஸ்எம்பிஎஸ்ஸும் மாற்றியும் உபுண்டுவில் உறைந்தால் மிச்சம் மதர்போர்டும் பிராசஸரும்தான். பிராசஸரைச் சுற்றியுள்ள கபாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். டிடிஆர்3 என்ற பழைய வகை ராம் காலத்து சிஸ்டமாக இருந்தால் அதற்குப் பழைய போர்டு தேடிப் பணம் போடாதீர்கள். டிஸ்க்கை மட்டும் கழற்றிக்கொண்டு வேறு சிஸ்டம் பார்ப்பது லாபம்.