புரதத்தை உடைக்கவும் செல் ஏன் ஆற்றலைச் செலவிடுகிறது?

வளர்ந்த மனிதரின் உடலில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 300 கிராம் புரதம் புதிதாக உருவாகிறது. கிட்டத்தட்ட அதே அளவு உடைக்கவும் படுகிறது. உணவிலிருந்து வருவது இதில் கால்வாசி போலத்தான். மற்றபடி, உடைந்த புரதங்களின் அமினோ அமிலங்களே திரும்பத் திரும்பப் பயன்படுகின்றன. உடலின் புரதங்கள் இப்படி ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கின்றன என்பதை உயிர்வேதியியலாளர் ருடால்ஃப் ஷோன்ஹைமர் 1930களின் பிற்பகுதியில் நைட்ரஜன்-15 (நைட்ரஜனின் சற்றுக் கனமான வகை) சேர்த்த அமினோ அமிலங்களை எலிகளுக்குக் கொடுத்துக் காட்டினார்.

உருவாக்க ஆற்றல் வேண்டும், சரி. உடைக்க எதற்கு? புரதத்தின் பிணைப்பு அறுபடும்போது ஆற்றல் வெளிப்படவே செய்யும். ஆனாலும் கல்லீரல் திசுவில் புரதம் உடைய ஆற்றல் தேவைப்படுகிறது என்று 1953இலேயே தெரிந்துவிட்டது. காரணம் புரியப் பல ஆண்டுகள் ஆயின.

எதை உடைப்பது என்று தேர்ந்தெடுப்பதற்குத்தான் அந்தச் செலவு. 76 அமினோ அமிலங்கள் கொண்ட யுபிக்விட்டின் என்னும் சிறு புரதத்தை, அழிக்க வேண்டிய புரதத்தின் மேல் நொதிகள் சங்கிலியாகக் கோத்துவிடுகின்றன. அந்தச் சங்கிலியை, புரதங்களை வெட்டும் செல் இயந்திரமான புரோட்டியசோம் அடையாளம் கண்டு, புரதத்தின் மடிப்பைப் பிரித்து, தன் குறுகிய வாய் வழியே உள்ளிழுத்துத் துண்டுபோடுகிறது. யுபிக்விட்டின் மட்டும் கழன்று மறுபடி வேலைக்கு வந்துவிடும். இதைக் கண்டறிந்த சீக்கனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் 2004இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

என்னை மிகவும் வியக்க வைப்பது, டிஎன்ஏ சேதமடைந்த செல் பிரியாமல் தடுக்கும் பி53 புரதம். ஆரோக்கியமான செல்லில் இது ஓயாமல் உருவாகிறது. எம்டிஎம்2 என்னும் நொதி உடனுக்குடன் யுபிக்விட்டினைப் பொருத்தி அழிவுக்கு அனுப்புகிறது. அதன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி அழிய ஆகும் நேரம், சுமார் 20 நிமிடம்தான். வீண் வேலை போலத் தோன்றும். ஆனால் டிஎன்ஏ சேதமடைந்ததும் பி53இல் பாஸ்பேட் ஒட்டிக்கொள்ள, எம்டிஎம்2இன் பிடி தளர்கிறது. உற்பத்தியைக் கூட்டக் காத்திராமலே பி53இன் அளவு ஏறிவிடுகிறது; செல் பிரிவதும் நிற்கிறது. எம்டிஎம்2 மரபணுவை முடுக்கிவிடுவதும் இதே பி53தான்! அதனால் சேதம் சரியானதும் அளவு தானாக இறங்குகிறது. உற்பத்தி, அழிவு இரண்டுமே வேகமாக நடந்தால் இருப்பு மாறாது, ஆனால் நிலைமை மாறும்போது செல் வேகமாகத் தன்னை மாற்றிக்கொள்ள முடியும்.

பெரிய குவியல்களையும் பழுதான செல் உறுப்புகளையும் புரோட்டியசோமால் விழுங்க முடியாது. அவற்றைச் சவ்வுப் பை ஒன்று சுற்றி வளைத்து, செல்லின் செரிமானப் பையான லைசோசோமிடம் சேர்க்கிறது. எம்டோர் என்னும் புரதம் அமினோ அமிலங்கள் ஏராளமாக இருந்தால் உற்பத்தியைக் கூட்டி இந்த வழியை அடக்கும். பஞ்சம் வந்தால் நேர்மாறாகும்.

அப்புறம், மல்டிபிள் மைலோமா. இந்தப் புற்றுநோய்ச் செல்கள் ஆன்டிபாடி வகைப் புரதங்களை ஏராளமாகத் தயாரிப்பதால், கூடவே தவறாக மடிந்தவையும் குவிகின்றன. அவற்றை அகற்றப் புரோட்டியசோமையே பெரிதும் நம்பியிருக்கின்றன. 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற போர்டெசோமிப் என்னும் மருந்து அந்தப் புரோட்டியசோமை முடக்குகிறது. தாங்கள் தயாரித்த புரதமே தேங்கி அந்தச் செல்கள் மடிகின்றன.