ஒலிபெருக்கியை விட்டுவிடுங்கள், தம்பி

"என் மகனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது, ஐயா. பாட்டுப் பாடினான், அவ்வளவுதான்." ஒரு சனிக்கிழமை இரவு, மணி பன்னிரண்டை நெருங்கும்போது வந்த அழைப்பு. அந்த அம்மாவை நான் முன்பின் பார்த்ததில்லை. மலேசியாவில் நான் ஒரு வழக்கறிஞர்; கோயிலில் யாரோ என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள்.

நிலையத்துக்குப் போனபோது பையன் நீளப் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். இருபத்திரண்டு வயது. வலது மணிக்கட்டில் வளையல் போட்டதுபோல் இரண்டு சிவந்த தடங்கள். ஒலிபெருக்கியின் மின்வடம் பதிந்த தடம் அது. தெருவில் பாடிக்கொண்டிருந்தவனின் ஒலிபெருக்கிப் பெட்டியை அமலாக்க அதிகாரி ஒருவர் லாரியில் ஏற்றத் தூக்கியிருக்கிறார். இவன் வடத்தைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு விடமாட்டேன் என்று இழுத்திருக்கிறான். இழுபறியில் அதிகாரி சறுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். புகாரில் பாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இருந்தது குற்றவியல் சட்டத்தின் 186-ஆவது பிரிவு, அரசு ஊழியரைக் கடமை செய்யவிடாமல் தடுத்தல். 2 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) வரை அபராதம், அல்லது இரண்டும்.

அந்த இழுபறிக்கு முன்பு அவன் மேல் சொல்லக்கூடிய குற்றம் என்ன? நடைபாதையை மறித்தான் என்று சாலை, வடிகால், கட்டடச் சட்டம் 1974-இன் 46-ஆவது பிரிவைக் காட்டியிருக்கலாம். முதல் முறை என்றால் அதிகபட்சம் 500 வெள்ளி. அந்தப் பெட்டியின் விலையே 600 வெள்ளிதான் என்று பிறகு அவனே சொன்னான்.

தெருக்கலைஞர்கள் விஷயமாக என் மேசைக்கு வந்த கோப்புகளில், பாடியதற்காக மட்டுமே நீதிமன்றம் வரை போனது ஒன்றுகூட இல்லை. எல்லாமே பாட்டு நின்ற பிறகு நடந்த பத்து நிமிடங்களின் விளைவு. பிடித்து இழுத்தது, தள்ளியது, கெட்ட வார்த்தை சொன்னது, பெயரைச் சொல்ல மறுத்தது. அதனால்தான் அந்தப் பத்து நிமிடங்களைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில், உங்கள் முன் நிற்பவர் யார்? நம் ஆட்கள் சீருடையைக் கண்டால் எல்லோரையும் "போலீஸ்" என்றுதான் சொல்கிறோம். கோலாலம்பூரின் புக்கிட் பிந்தாங்கில் ஒரு வார இறுதி இரவில் நான்கு வகைச் சீருடைகள் வந்து நிற்கலாம். ஒன்று அரச மலேசியப் போலீஸ் படை. இன்னொன்று டிபிகேஎல், அதாவது கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் அமலாக்க அதிகாரிகள், மலாய் மொழியில் பெங்குவாட் குவாசா. எல்ஆர்டி, எம்ஆர்டி ரயில் நிலையங்களில் துணைப் போலீஸ். பேரங்காடி வாசலில் பாதுகாவலர். நான்கு பேருக்கும் அதிகாரம் ஒன்றல்ல.

பாதுகாவலர் தன் முதலாளியின் நிலத்தைவிட்டு உங்களை வெளியேறச் சொல்லலாம்; உங்கள் கித்தாரைத் தொட அவருக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த நிலம் எங்கே முடிகிறது என்பதில்தான் சண்டையே. பல இடங்களில் தரையைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். பளபளப்பான கல் முடிந்து சொரசொரப்பான நடைபாதைக் கல் தொடங்கும் கோடுதான் பெரும்பாலும் எல்லை. பொது இடம் என்று நினைத்துக்கொண்டு தனியார் முற்றத்தில் நின்று பாடிய இருவருக்காக நான் வாதாடியிருக்கிறேன். ரயில் நிலையங்களிலும் இதே கதைதான். மாநகர் மன்றத்தின் அனுமதிக் கடிதத்தை நிலையத்துக்குள் நீட்டிப் பயனில்லை. அங்கே ரயில் நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.

சாதாரண உடையில் வந்து "நான் போலீஸ்" என்று ஒருவர் சொன்னால் அதிகார அட்டையைக் கேளுங்கள். இன்ஸ்பெக்டரும் அதற்கு மேற்பட்டவர்களும் நீல அட்டை வைத்திருப்பார்கள். அதற்குக் கீழ் உள்ளவர்களுக்கு மஞ்சள், ரிசர்வ் போலீசுக்கு வெள்ளை. சிவப்பு அட்டை என்றால் அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டவர். அவருக்கு உங்களிடம் ஒரு வேலையும் இல்லை. கேட்கிற விதம் முக்கியம். "துவான், போலே சாயா தெங்கோக் காட் குவாசா?" (ஐயா, உங்கள் அதிகார அட்டையைப் பார்க்கலாமா?) என்று பணிவாகக் கேட்டால் பத்தில் ஒன்பது பேர் எடுத்துக் காட்டிவிடுவார்கள். இதையே கைப்பேசியை முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு கேட்டால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் பெயரையும் முகவரியையும் சொல்லிவிடுங்கள். அடையாள அட்டையைக் காட்டுங்கள். இதை ஒரு தோல்வியாக எண்ணுகிற தம்பிகள் நிறைய இருக்கிறார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவைப் படித்தால் அந்த எண்ணம் போய்விடும். வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாத சிறு குற்றத்துக்குக்கூட, போலீஸ்காரர் கண் முன்னே அது நடந்து, நீங்கள் பெயர் சொல்ல மறுத்தால், அவர் உங்களைக் கைது செய்யலாம். சம்மன் தாளோடு வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர் இப்படித்தான் லாக்கப்புக்குள் போகிறார்.

சரி, அனுமதி என்றால் எந்த அனுமதி? தெருக்கலைஞருக்கென்று நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம் கிடையாது. கோலாலம்பூரில் பொழுதுபோக்குச் சட்டம் 1992 இருக்கிறது. கேளிக்கை விடுதியையும் கரவோக்கே கூடத்தையும் மனத்தில் வைத்து எழுதிய சட்டத்தை, ஒரு கித்தாரும் ஒரு நாற்காலியுமாக நிற்கிறவன் மேல் போர்த்தினால் அளவு பொருந்துமா? ஃபெடரல் நெடுஞ்சாலையில் கோத்தா டாருல் ஏசான் வளைவைத் தாண்டிவிட்டால் சிலாங்கூர். அங்கே அந்த மாநிலத்தின் 1995-ஆம் ஆண்டுச் சட்டம், வேறு மாநகர் மன்றம், வேறு முகப்பிடம். சனிக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பாடுகிறவர் ஞாயிற்றுக்கிழமை பெட்டாலிங் ஜெயாவில் அதே கடிதத்தை நீட்டினால் அது வெறும் காகிதம். கடிதத்தில் இடம், நாள், நேரம், ஒலிபெருக்கி உண்டா இல்லையா என்று எழுதியிருக்கும். அந்த வரிகளைத் தாண்டி ஓர் அடி நகர்ந்தாலும் நீங்கள் அனுமதி இல்லாதவர்தான்.

கூட்டரசு அரசியலமைப்பின் 10-ஆவது பிரிவு குடிமக்களுக்குக் கருத்து வெளிப்பாட்டு உரிமை தருகிறதே என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். தருகிறது, கட்டுப்பாடுகளோடு. அதை நடைபாதையில் அதிகாரியிடம் வாதிடாதீர்கள். அதற்குத்தான் என்னைப் போன்றவர்கள் கட்டணம் வாங்குகிறோம்.

இனி பறிமுதலுக்கு வருவோம். கலைஞன் நிதானம் இழக்கும் இடம் இதுதான். அதிகாரி பெட்டியில் கை வைத்ததும் அவனுக்கு அது பெட்டியாகத் தெரிவதில்லை. அடுத்த மாத வாடகையாகத் தெரிகிறது. எனக்குப் புரிகிறது. இருந்தாலும் கையை எடுத்துவிடுங்கள். இரண்டு அடி பின்னால் போய் நில்லுங்கள். "துவான், பட்டியல் கொடுங்கள்" என்று கேளுங்கள். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, எந்தப் பொருள், எத்தனை, எந்தக் கிடங்கு, அதிகாரியின் பெயர், எண், எல்லாம் அந்தத் தாளில் வர வேண்டும். கையெழுத்துப் போடுமுன் படியுங்கள்.

படிக்காமல் கையெழுத்திட்ட ஒருவரின் கதை. ஹார்மோனியம் வாசிக்கும் பெரியவர். அவருடைய தந்தை தோட்டத்தில் பஜனைக்கு வாசித்த பெட்டி. எந்த ஊர், எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். பட்டியல் எழுதிய இளம் அதிகாரி அதற்கு முன் ஹார்மோனியத்தைப் பார்த்ததே இல்லை போலும். "கோத்தாக் காயு, 1" என்று எழுதிவிட்டார். மரப்பெட்டி ஒன்று! மூன்று வாரங்கள் கிடங்கில் இசைக்கருவி வரிசையில் தேடினார்கள், கிடைக்கவில்லை. கடைசியில் நானே போய், பழம் விற்பவர்களிடமிருந்து பறித்த பெட்டிகளுக்கு நடுவே, மேலே ஒரு சுருட்டிய குடை செருகிக் கிடந்ததைக் கண்டெடுத்தேன். துருத்தியில் எலி கடித்திருந்தது. ஆகவே பொருளின் பெயர், நிறம், தயாரிப்பு எண், ஏற்கெனவே உள்ள கீறல் வரை எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் ஒரு படமாவது எடுத்து வையுங்கள். தாளில் உள்ள தேதிக்குள் போய்க் கேளுங்கள். கேட்பாரற்ற பொருள் என்றென்றும் கிடங்கில் இருக்காது.

நடப்பதைக் கைப்பேசியில் பதிவு செய்யலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தூரத்தில் நின்று, குறுக்கே போகாமல், வாயைத் திறக்காமல் எடுங்கள். அது பின்னால் எனக்கு உதவும். அன்றிரவே அதிகாரியின் இனத்தையும் தாயையும் இழுத்து நான்கு வரி எழுதிப் பதிவேற்றினால், தகவல் தொடர்பு, பல்லூடகச் சட்டம் 1998-இன் 233-ஆவது பிரிவில் இரண்டாவது கோப்பு திறக்க வழி செய்துவிட்டீர்கள் என்று பொருள். முதல் வழக்கில் அபராதத்தோடு தப்பி, இந்த இரண்டாவதில் மாட்டிக்கொண்டவர் எனக்குத் தெரியும்.

கைதே ஆகிவிட்டால்? காரணத்தைச் சொல்லச் சொல்லுங்கள். குடும்பத்துக்கும் வழக்கறிஞருக்கும் அழைக்க வேண்டும் என்று கேளுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28A பிரிவு அதற்கு இடம் தருகிறது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தாமல் வைத்திருக்க முடியாது. விசாரணைக்காகத் தடுப்புக் காவல் (ரிமாண்ட்) கேட்டாலும் இப்படிப்பட்ட குற்றங்களுக்கு முதலில் அதிகபட்சம் 4 நாள், மறுபடி கேட்டால் 3 நாள். வாக்குமூலத்தில் உங்களைக் குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. பணம் இல்லையே என்று தயங்காதீர்கள். தேசியச் சட்ட உதவி அறநிறுவனத்தின் வழக்கறிஞர்கள் தடுப்புக் காவல் விசாரணைக்கு இலவசமாக வருகிறார்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. எட்டு வயதுப் பிள்ளை உறுமி அடித்தால் கூட்டம் சேரும், காசும் சேரும். கோயில் ஊர்வலத்தில் அடிக்கட்டும், பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் காசுக்காகத் தெருவில் நிறுத்தினால் அது வேறு கணக்கு. சிறார் சட்டம் 2001-இன் 32-ஆவது பிரிவு, பிள்ளையைப் பிச்சை வாங்கத் தெருவில் விடுவதைப் பற்றிப் பேசும்போது, பாடுவதாகவோ வாசிப்பதாகவோ ஒரு பாவனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் குற்றம்தான் என்கிறது. 2019 பிப்ரவரியில் புக்கிட் பிந்தாங்கில் கைக்குழந்தையைக் காலைப் பிடித்து ஊசலாட்டிக் காசு சேர்த்த ரஷ்யத் தம்பதியை நினைவிருக்கும். அவர்களையும் சிறார் சட்டத்தின் கீழ்தான் விசாரித்தார்கள். சுற்றுலா விசாவில் தமிழகத்திலிருந்து வருகிற கலைஞர்களை "சும்மா இரண்டு பாட்டு" என்று மேடையேற்றுகிற ஏற்பாட்டாளர்களுக்கும் சொல்கிறேன்: அழைத்தவர் நீங்கள், குடிநுழைவுத் துறையிடம் மாட்டுவது அவர்.

அதிகாரிகள் எல்லோரும் கலைக்கு எதிரிகள் என்று நான் எழுத மாட்டேன். பெரும்பாலும் யாரோ ஒருவர் புகார் கொடுத்த பிறகுதான் லாரி வருகிறது. ஒரே பாட்டை ஆறு மணி நேரம் கேட்ட கடைக்காரர், குழந்தை தூங்காத மாடிவீட்டுக்காரர். கடை முன்னுள்ள ஐந்தடி நடைபாதையின் குறுக்கே வடம் போட்டால் யாராவது தடுக்கி விழத்தான் செய்வார்கள். பாங்கு ஒலிக்கும்போது வாசிப்பதை நிறுத்துங்கள். எதிர்க்கடைக்காரரிடம் முதல் நாளே போய், "அண்ணே, சத்தம் அதிகமானால் என்னிடம் சொல்லுங்கள்" என்று கேட்டு வையுங்கள். பாதி லாரிகள் இந்த ஒரு வாக்கியத்தால் வராமல் நின்றுவிடும் என்று நம்புகிறேன்.

என் கோபமெல்லாம் வேறொரு சட்டத்தின் மேல். ஆதரவற்றோர் சட்டம் 1977. பொது இடத்தில் மற்றவருக்குத் தொல்லை தரும் விதத்தில் பிச்சை கேட்பவர் "ஆதரவற்றவர்". மாஜிஸ்திரேட் அவரை ஒரு மாதம் வரை தற்காலிகமாக இல்லத்தில் வைக்கச் சொல்லலாம். பிறகு 3 ஆண்டு வரை நலக் காப்பகத்துக்கு அனுப்பலாம். குற்றமும் இல்லை, தண்டனையும் இல்லை என்பார்கள். ஆனால் கதவு பூட்டியிருக்கும். கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய பிரிக்பீல்ட்ஸ் பாதைகளில் பார்வையற்ற பாடகர்களைப் பார்த்திருப்பீர்கள். கழுத்தில் ஒலிவாங்கி, இடுப்பில் சிறு ஒலிபெருக்கி, நெஞ்சில் க்யூஆர் அட்டை. அவர்கள் விற்பது பாட்டா, இரக்கமா என்று தீர்மானிக்கும் வேலையைச் சட்டம் ஓர் அதிகாரியின் கண்ணிடம் விட்டிருக்கிறது. சுருதி சுத்தமாக நாற்பது பழைய பாட்டுகளை மனப்பாடமாகப் பாடுகிறவரைப் பிச்சைக்காரர் என்று எழுத எந்தப் பேனாவுக்கு மனம் வரும்? ஆயினும் அனுமதிக் கடிதம்தான் அவரைக் கலைஞர் என்று சொல்லும் ஒரே தாள். அதனால் அவர்களிடம் நான் வற்புறுத்துவது ஒன்றே ஒன்று: கடிதத்தின் நகலையும் மாற்றுத்திறனாளி அட்டையின் நகலையும் பிளாஸ்டிக் உறை போட்டுக் கழுத்தில் தொங்கவிடுங்கள்.

அப்படித் தொங்கவிட்ட ஒருவரை ஒரு மாலை நான் கடந்து போனபோது, இளம் அதிகாரி ஒருவர் அவர் முன் நின்று கடிதத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பாடகர் பாட்டை நிறுத்தினார். உறையைக் கழற்றி, காற்றில் தோராயமாக நீட்டினார். "சத்தமாகப் படியுங்கள், துவான்" என்றார் மலாயில். "தேதி எனக்கும் தெரிய வேண்டும்."

அதிகாரி படித்தார். பெயர், இடம், நேரம். கடைசி வரியில் கொஞ்சம் தயங்கினார். காலாவதி முந்தைய நாள். சுற்றி நின்ற நாங்கள் ஐந்தாறு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதிகாரி உறையைத் திரும்பப் பாடகரின் கழுத்தில் தானே மாட்டிவிட்டு, "திங்கட்கிழமை முகப்பிடம் எட்டு மணிக்குத் திறக்கும், பாக்சிக் (பெரியவரே). இன்றைக்கு வீட்டுக்குப் போங்கள்" என்றார். பாடகர் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, கைத்தடியை விரித்தார்.