ஷாரெட்: தமிழில் என்ன சொல்லலாம்?

நகரத் திட்டமிடல் பற்றிப் படிப்பவர்கள் 'ஷாரெட்' என்ற சொல்லை அடிக்கடி பார்த்திருப்பார்கள். ஒரு வட்டாரம் இன்னும் பதினைந்து, இருபது ஆண்டுகளில் எப்படி இருக்க வேண்டும்? இதை அங்கே குடியிருப்பவர்கள், கடை வைத்திருப்பவர்கள், கட்டடக் கலைஞர்கள், போக்குவரத்துப் பொறியாளர்கள், நகராட்சி அதிகாரிகள் எல்லாரும் ஒரே இடத்தில் தொடர்ந்து சில நாட்கள் உட்கார்ந்து பேசி, வரைந்து, திருத்தி, மறுபடி வரைந்து ஒரு முடிவுக்குக் கொண்டுவருவதுதான் ஷாரெட். பெரும்பாலும் அந்த வட்டாரத்திலேயே, ஒரு பள்ளிக் கூடத்திலோ காலியாகக் கிடக்கும் கடையிலோ இது நடக்கும். யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், வரைந்துகொண்டிருப்பவரின் பக்கத்தில் நின்று "இது சரியில்லையே" என்று சொல்லலாம்.

சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்குச் சிறு வண்டி, கைவண்டி என்று பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸில் இருந்த எகோல் தே போசார் என்னும் கலைப் பள்ளியில் கட்டடக் கலை படித்த மாணவர்கள், நகரத்தில் ஆங்காங்கே இருந்த பணிக்கூடங்களில் உட்கார்ந்து வரைவார்கள். கெடு முடியும் நாளில் ஒரு கைவண்டி ஒவ்வொரு கூடமாகப் போய் வரைபடங்களை வாங்கிக்கொண்டு வரும். வேலை முடியாத மாணவர்கள் வண்டியோடு ஓடியும், அதில் தொற்றி ஏறியும் கடைசிக் கோடுகளை இழுத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. அதிலிருந்து, கெடு நெருங்கும் நேரத்தில் மும்முரமாக வேலை பார்ப்பதற்கே 'வண்டியில் இருப்பது' என்ற பேச்சு வழக்கு வந்துவிட்டது. இன்றைக்கும் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் வேலை நெருக்கும்போது 'நான் ஷாரெட்டாக இருக்கிறேன்' என்றுதான் சொல்கிறார்கள்.

இந்தச் சொல்லுக்குத் தமிழில் ஏற்கெனவே ஓர் உறவினர் உண்டு. குதிரை பூட்டிய வண்டியைச் 'சாரட்டு' என்கிறோமே, அது ஆங்கிலத்தின் வழியாக நம்மிடம் வந்த பிரெஞ்சுச் சொல். சாரட்டும் ஷாரெட்டும் பழைய பிரெஞ்சின் 'ஷார்' என்ற ஒரே சொல்லிலிருந்து கிளைத்தவை. அதற்கும் மூலம் லத்தீனின் 'கர்ருஸ்'. தெருவில் ஓடுகிற 'கார்' கூட அந்த வேரிலிருந்து வந்ததுதான்.

மாணவர்களின் அவசரத்தைக் குறித்த சொல் மக்களின் கூட்டத்தைக் குறிக்க ஆரம்பித்தது அமெரிக்காவில். 1967இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம், தெற்கு டகோட்டா மாநிலத்தின் ராபிட் சிட்டி என்ற ஊருக்கு ஒரு குழுவை அனுப்பியது. பல துறை வல்லுநர்கள் சம்பளம் வாங்காமல் சில நாட்கள் ஊரில் தங்கி, மக்களோடு பேசி, திட்ட வரைவு ஒன்றைக் கொடுத்துவிட்டு வருவது என்ற வழக்கம் அதிலிருந்து தொடங்கியது. 1960களில் பெரிய நகரங்களில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இது விளங்கும். நகரப் புதுப்பிப்பு, நெடுஞ்சாலை என்ற பெயர்களில் ஏழைகளும் கறுப்பின மக்களும் வாழ்ந்த வட்டாரங்கள் இடிக்கப்பட்டன. வரைபடம் எங்கேயோ தயாராகி, இடிக்கும் தேதியோடுதான் மக்களிடம் வந்து சேர்ந்தது. 'எங்களைக் கேட்காமல் எங்கள் தெருவை வரையாதீர்கள்' என்பதே அன்றைய போராட்டங்களின் மையமாக இருந்தது.

ஷாரெட் எதைச் சாதிக்க வல்லது என்று யாராவது கேட்டால் நான் சொல்வது 1971ஆம் ஆண்டின் டர்ஹாம் நகரத்தைத்தான். வட கரோலினாவில் உள்ள அந்த ஊரில் பள்ளிகளில் இனப் பிரிவினையை நீக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. ஊர் கொந்தளித்துக்கொண்டிருந்தது. பில் ரிடிக் என்பவர் பத்து நாள் ஷாரெட் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார். அதற்கு இரண்டு பேர் இணைத் தலைவர்கள். ஒருவர் ஆன் அட்வாட்டர், கறுப்பின ஏழைகளின் வீட்டு வசதிக்காகப் போராடி வந்த பெண். இன்னொருவர் சி. பி. எல்லிஸ், வெள்ளையரே உயர்ந்தவர் என்று சொல்லிக் கறுப்பினத்தவரை மிரட்டிவந்த கு க்ளக்ஸ் க்ளான் என்ற இயக்கத்துக்கு அந்த ஊரில் தலைவர். இருவரும் ஒருவரையொருவர் வெறுத்தார்கள், அதை மறைக்கவும் இல்லை. தலைமைப் பொறுப்பு என்பதால் தினமும் ஒரே மேசையில் உட்கார வேண்டி வந்தது. ஒரு கட்டத்தில் இருவரும் தங்கள் பிள்ளைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். எல்லிஸின் பிள்ளையை அப்பா க்ளான்காரர் என்று பள்ளியில் கேலி செய்கிறார்கள். அட்வாட்டரின் பிள்ளைக்கும் அம்மாவின் பெயரால் அதே நிலைமை. இரண்டு வீட்டிலும் வறுமை. பேசப் பேச இருவரும் அழுதுவிட்டார்கள். பத்தாவது நாள் முடிவில் எல்லிஸ் எல்லார் முன்னாலும் தன் க்ளான் உறுப்பினர் அட்டையைக் கிழித்துப் போட்டார். பிறகு தொழிற்சங்கத்தில் கறுப்பினத் தொழிலாளர்களுக்காகவும் வேலை செய்தார். 2005இல் அவர் இறந்தபோது இறுதிச் சடங்கில் எழுந்து அவரைப் பற்றிப் பேசியவர்களில் அட்வாட்டரும் ஒருவர்.

எல்லா ஷாரெட்டிலும் இப்படி நடக்காது, சரி. ஆனாலும் அந்தப் பத்து நாட்களின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். ஒரு மாலை நேரக் கூட்டமாக இருந்திருந்தால் இருவரும் ஆளுக்கு மூன்று நிமிடம் ஒலிபெருக்கியில் கத்திவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். மறுநாளும் வர வேண்டியிருந்தது, அதற்கு மறுநாளும் வர வேண்டியிருந்தது, முடிவில் ஒரு பொதுப் பரிந்துரையை இருவருமே எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதனால்தான் பேச்சு கத்தலைத் தாண்டிப் போயிற்று. ஷாரெட்டின் உயிர் அந்தத் தொடர்ச்சியில் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வட்டாரத் திட்டத்துக்கான ஷாரெட் எப்படி நடக்கும்? முதல் நாள் மாலை மேசைக்கு மேசை பெரிய வரைபடத்தை விரிப்பார்கள். அதன்மேல் ஒளி ஊடுருவும் தாள், பக்கத்தில் தடித்த பேனாக்கள். இரவில் எங்கே நடக்கப் பயமாக இருக்கிறது, பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள், எந்த மரத்தை வெட்டவே கூடாது என்று மக்களே குறிப்பார்கள். அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு வடிவமைப்பாளர்கள் இரண்டு மூன்று மாற்று வரைவுகளைப் போடுவார்கள். அடுத்த மாலை அவை சுவரில் தொங்கும். அப்போதுதான் ஒரு பாட்டி வந்து, "பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இந்தச் சந்து வழியாகத்தானே போகும், இங்கே போய் வண்டி நிறுத்த இடம் போட்டிருக்கிறீர்களே" என்று விரலை வைப்பார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடம் அழிந்து வேறு பக்கம் போகும். மூன்றாம் நாள் திருத்திய வரைவு, அதன்மேல் மறுபடி பேச்சு. 2001இல் அமெரிக்காவில் தொடங்கிய தேசிய ஷாரெட் நிறுவனம், இப்படி வரைந்து காட்டித் திருத்தும் சுற்று குறைந்தது மூன்று முறையாவது நடக்க வேண்டும் என்று வரையறுத்தது. நல்ல வரையறை. ஒரே முறை காட்டிவிட்டுப் போனால் அது வெறும் கண்காட்சி.

பல இனத்தவரும் பல மொழியினரும் கலந்து வாழும் வட்டாரத்தில் இதற்கு முந்தைய வேலை இன்னும் அதிகம். அறிவிப்பு எத்தனை மொழிகளில் போகிறது, மேசையில் மொழிபெயர்ப்பவர் இருக்கிறாரா, கைக்குழந்தையோடு வருபவருக்கு இடம் உண்டா, இரவு வேலைக்குப் போகிறவர் எந்த நேரத்தில் வருவார் என்றெல்லாம் பார்க்க வேண்டும். இவற்றை விட்டுவிட்டால் வருகிறவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை: சொந்த வீடு வைத்திருக்கிற, கூட்டத்தில் பேசிப் பழகிய, கொஞ்சம் ஓய்வு நேரம் இருக்கிற ஆட்கள். வாடகைக்கு இருப்பவர் வரமாட்டார். திட்டம் நிறைவேறி வாடகை ஏறினால் முதலில் வெளியேறப்போவது அவர்தான்.

பாஸ்டனின் டட்லி தெரு வட்டாரம் இதைச் சரியாகச் செய்தது. தீவைப்பாலும் புறக்கணிப்பாலும் காலி மனைகளாகிக் கிடந்த அந்தப் பகுதியைச் சீரமைக்க 1980களின் நடுவில் ஓர் அமைப்பை உருவாக்கும் முயற்சி நடந்தது. முதல் பொதுக் கூட்டத்திலேயே, நிர்வாகக் குழுவில் குடியிருப்போருக்கு மிகச் சில இடங்களே இருப்பதைப் பார்த்த மக்கள் எழுந்து கேள்வி கேட்டார்கள். ஏற்பாட்டாளர்கள் வழிவிட்டார்கள். புதிய குழுவில் கறுப்பினத்தவர், கேப் வெர்டே தீவினர், லத்தீன் அமெரிக்கர், வெள்ளையர் என நான்கு பிரிவினருக்கும், தலைக்கணக்கு பார்க்காமல், சம இடங்கள் கிடைத்தன. கூட்டங்கள் ஆங்கிலம், ஸ்பானியம், கேப் வெர்டே கிரியோல் ஆகிய மூன்று மொழிகளில் நடந்தன. மக்களே முன்னின்று உருவாக்கிய திட்டத்தை நிறைவேற்ற, காலி மனைகளைக் கையகப்படுத்தும் சட்ட அதிகாரத்தையே 1988இல் நகரம் அந்த அமைப்பிடம் கொடுத்தது. சில நாள் ஷாரெட்டுக்கும் இதற்கும் தூரம் அதிகம், இது பல ஆண்டு உழைப்பு. ஆனால் ஷாரெட் முடிந்த பிறகு அந்த வரைவைப் பிடித்துக்கொண்டு நிற்க இப்படி ஓர் அமைப்பு இல்லாவிட்டால், தாள் அலமாரிக்குப் போய்விடும்.

சொல்லின் பெயரைக் கெடுப்பவர்களும் இருக்கிறார்கள். கட்டுமான நிறுவனம் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு, வண்ண ஒட்டுத்தாளும் தேநீரும் கொடுத்து 'ஷாரெட்' என்று அழைப்பிதழ் அடிப்பது நடக்கிறது. மக்கள் பங்கேற்பு பற்றி எழுதிய அமெரிக்கரான ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன், 1969இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வகுத்தபோது, தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, சமாதானப்படுத்துவது மூன்றையும் பெயரளவுப் பங்கேற்பு என்றே சொன்னார். அதிகாரம் கைமாறும் படிகள் அதற்கு மேலே இருக்கின்றன. அந்தக் கட்டுரையில் அவர் எடுத்துக்காட்டும் பிரெஞ்சு மாணவர் சுவரொட்டி இலக்கணப் பாடம் போல இருக்கும்: நான் பங்கேற்கிறேன், நீ பங்கேற்கிறாய், அவன் பங்கேற்கிறான், நாம் பங்கேற்கிறோம், நீங்கள் பங்கேற்கிறீர்கள், அவர்கள் லாபம் பார்க்கிறார்கள்.

இனி தமிழுக்கு வருவோம். 'கருத்துக் கேட்புக் கூட்டம்' எல்லாருக்கும் தெரிந்த சொல், ஆனால் இங்கே பொருந்தாது. அதில் கேட்பவர் ஒருவர், முடிவு செய்பவர் அவரே, சொல்பவர் வீட்டுக்குப் போய்விடுகிறார். 'கலந்தாய்வு' கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. அதிலும் பேச்சு உண்டு, வரைதல் இல்லை. 'பயிலரங்கு' என்றால் யாரோ கற்பிக்கிறார், யாரோ கற்கிறார் என்று ஆகிவிடும். தன் தெருவைப் பற்றிக் குடியிருப்பவருக்கு யார் கற்பிப்பது? 'பட்டறை' நல்ல உழைப்பு மணம் உள்ள சொல்தான், ஆனால் கதைப் பட்டறை, நடிப்புப் பட்டறை என்று எல்லாவற்றுக்கும் போய்விட்டது, தனி அடையாளம் நிற்காது. வண்டி என்ற மூலப் பொருளைப் பிடித்துக்கொண்டு, 'ஊர் கூடித் தேர் இழுப்பது' என்ற வழக்கிலிருந்து ஒரு சொல்லை எடுக்கலாமே என்று தோன்றும். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் தேர் எந்த வீதியில் போகும் என்பது ஏற்கெனவே முடிவானது, ஊரார் கொடுப்பது கையும் தோளும் மட்டும். ஷாரெட்டில் ஊரார் முடிவு செய்வதே அந்த வீதியைத்தான்.

என் பரிந்துரை 'வரைவுக் கூடல்'. வரைவு என்பதில் வரைதலும் இருக்கிறது, இன்னும் முடிவாகாதது என்ற பொருளும் இருக்கிறது. வரைவு மசோதா, வரைவு அறிக்கை என்று தினமும் படிக்கிறோம், திருத்தலாம் என்பது கேட்டதுமே புரியும். கூடல் என்றால் ஒன்று சேர்தல். ஆறுகள் கலக்கும் இடத்துக்கும் அதே சொல். பழைய இலக்கியம் படித்தவர்கள் ஒரு தடை சொல்லலாம்: அகப்பாடல்களில் வரைவு என்றால் திருமணம், கூடல் என்றால் ஊடலுக்குப் பின் காதலர் சேர்வது. உண்மைதான். இன்றைய உரைநடையில் அந்தக் குழப்பம் வராது. அதோடு, சண்டை போட்டுவிட்டுச் சேர்வது என்ற அந்தப் பழைய நிழல் இந்த வேலைக்குப் பொருத்தமாகவே இருக்கிறது.

பயன்படுத்திப் பார்ப்போம். 'சந்தைத் தெருவின் எதிர்காலம் குறித்து ஐந்து நாள் வரைவுக் கூடல் நடக்கிறது.' 'இரண்டாம் வரைவுக் கூடலில் வாடகைக்குக் குடியிருப்போர் கேட்ட மாற்றங்கள் வரைபடத்தில் சேர்க்கப்பட்டன.' வரைந்து காட்டித் திருத்தும் ஒவ்வொரு முறையையும் 'திருத்தச் சுற்று' எனலாம். பிரெஞ்சுச் சொல்லையே எழுத விரும்புகிறவர்கள் 'ஷாரெட்' என்று எழுதுவது நல்லது. 'சாரட்' என்று எழுதினால் வாசகர் குதிரை வண்டியைத்தான் நினைப்பார். இன்னொன்று: வரைபடமே மேசைக்கு வராத கூட்டத்துக்கு வரைவுக் கூடல் என்று பெயர் வைக்க வேண்டாம். அதற்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது.