மீடியா ஸ்டடீஸ் கோர்ஸ்வேர்க் புள்ளி: ஓகஸ்டில் கேட்டுப் பயனில்லை

இங்கிலாந்தில் 16 வயதளவில் எழுதும் ஜிசிஎஸ்இ அல்லது 18 வயதளவில் எழுதும் ஏ லெவல் பரீட்சைக்கு மீடியா ஸ்டடீஸ் படிக்கும் பிள்ளையின் மொத்தப் புள்ளியில் 30 வீதம் பரீட்சை மண்டபத்துக்கு வெளியிலேயே முடிவாகிவிடுகிறது. பிள்ளை தானே எடுத்த வீடியோ, வடிவமைத்த சஞ்சிகைப் பக்கம், இணையத்தளம் போன்ற ஆக்கமும், அதை ஏன் அப்படிச் செய்தது என்று விளக்கும் சிறு குறிப்பும்தான் அந்த 30. இதைத்தான் கோர்ஸ்வேர்க் என்கிறார்கள். மீதி 70 வீதம் எழுத்துப் பரீட்சை. அதில் விளம்பரம், பத்திரிகை, தொலைக்காட்சி நாடகம் போன்றவற்றை அலச வேண்டும். ஏகியூஏ, ஓசிஆர், எடியூகாஸ் என்று எந்தப் பரீட்சைச் சபையாக இருந்தாலும் கணக்கு இதுதான்.

இந்த 30 வீதத்துக்குப் புள்ளி போடுவது வகுப்பு ஆசிரியர். சபை சில பிள்ளைகளின் வேலையை மட்டும் மாதிரியாக வாங்கிப் பார்க்கும். எனவே உங்கள் பிள்ளையின் வீடியோவைப் பாடசாலைக்கு வெளியே ஒருவரும் பார்க்காமலே போகலாம்.

ஓகஸ்டில் பெறுபேறு வந்த பிறகுதான் பெற்றோர் அலுவலகத்துக்கு ஓடுகிறார்கள். அப்போது கதவு பூட்டியாயிற்று. கோர்ஸ்வேர்க் புள்ளிக்கு எதிராகப் பிள்ளை தனியாகச் சபையிடம் முறையிட முடியாது. பாடசாலைதான் கேட்கவேண்டும், அதுவும் அந்தப் பாடத்தின் மாணவர் குழு முழுவதற்குமாக. பாடசாலை போட்ட புள்ளியைச் சபை மாற்றாமல் ஏற்றிருந்தால் அந்த வழியும் இல்லை. இதைப் பாடசாலை முன்கூட்டியே ஒரு வரியில் சொல்லலாம். பல இடங்களில் சொல்வதில்லை.

உண்மையான உரிமை இருப்பது அதற்கு முந்திய கட்டத்தில். சபைகளின் கூட்டமைப்பான ஜேசிகியூவின் விதிப்படி, புள்ளிகளைச் சபைக்கு அனுப்புமுன் பாடசாலை அவற்றைப் பிள்ளைக்குச் சொல்லியே ஆகவேண்டும். திருப்தி இல்லையென்றால் மீள்பார்வை, அதாவது புள்ளியைப் பாடசாலை திரும்பப் பார்க்கவேண்டும் என்று கேட்கலாம். கேட்பதா என்று முடிவெடுக்கத் தேவையான ஆவணங்களின் பிரதிகளைக் கேட்டு வாங்கலாம். புள்ளிகள் சபைக்குப் போவது பெரும்பாலும் மே முற்பாதியில். ஆகவே இந்தச் சந்தர்ப்பம் ஏப்ரலை ஒட்டி வந்து, சில நாட்களிலேயே போய்விடும். பாடசாலை ஆப்பில் ஓர் அறிவித்தல் விழும், பிள்ளை அதைத் திறக்காது, கெடு கடந்துவிடும். பிறகு "நாங்கள் அறிவித்துவிட்டோமே" என்பார்கள், அதுவும் உண்மைதான். மார்ச்சிலேயே கெடுத் திகதியைக் கேட்டு வையுங்கள்.

"புள்ளியை வெளியே சொல்லக்கூடாது" என்று ஒரு பதில் வரக்கூடும். அது தவறு. சொல்லப்படும் புள்ளியைச் சபை பிறகு மாற்றலாம் என்பது மட்டுமே உண்மை. இன்னொன்று, "எங்களிடம் ஒரேயொரு மீடியா ஆசிரியர்தான் இருக்கிறார், யார் திருப்பிப் பார்ப்பது?" அது பாடசாலையின் பிரச்சினை. மீள்பார்வை செய்பவர் தகுதியுள்ளவராகவும் அந்தப் பிள்ளையின் வேலைக்கு முன்பு புள்ளி போடாதவராகவும் இருக்கவேண்டும். உள்ளே ஆள் இல்லையென்றால் வெளியிலிருந்து கூப்பிடட்டும்.

கேட்கும் விதத்திலும் வழுக்கும் இடங்கள் உண்டு. "என் மகள் இரவு பகலாக உழைத்தாள்" என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. புள்ளித் திட்டத்தின் எந்த வரிக்கு எந்தக் காட்சி, எந்தப் பக்கம் பொருந்துகிறது என்று காட்டுங்கள். மீள்பார்வையில் பார்ப்பது, அந்தப் பாடசாலை மற்றப் பிள்ளைகளுக்கு வைத்த அளவுகோல் இந்தப் பிள்ளைக்கும் சரியாக வைக்கப்பட்டதா என்பதைத்தான். வேறு பாடசாலைப் பிள்ளையின் வீடியோவைக் காட்டி வாதாடாதீர்கள். ஒப்படைத்த வேலையைத் திருத்தி மறுபடி கொடுக்க முடியாது. புள்ளி குறையவும் கூடும், அதையும் யோசித்துவிட்டுக் கேளுங்கள்.

இதைவிட மோசமாக மாட்டிக்கொள்வது வீட்டு உதவியால்தான். கல்யாண வீடியோ எடுக்கிற மாமா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். அவர் எடிட் பண்ணிக் கொடுத்தால் வீடியோ பளிச்சென்று இருக்கும், ஆனால் பிள்ளையின் வேலை என்று கையெழுத்திட ஆசிரியர் மறுத்தால் புள்ளி பூச்சியம். பிள்ளை சொல்லச் சொல்ல ஒருவர் நடிக்கலாம், கமராவைப் பிடிக்கலாம். அதை வேலையோடு ஒப்படைக்கும் படிவத்தில் எழுதவேண்டும். எடிட்டிங் பிள்ளையுடையதாக இருக்கவேண்டும். செயற்கை நுண்ணறிவுக் கருவியில் செய்ததைச் சொல்லாமல் கொடுப்பதும் முறைகேட்டில் சேரும். இணையத்தில் எடுத்த படங்களை நம்பாதீர்கள், பிள்ளையே படம் எடுக்கட்டும். முதல் வரைவிலிருந்து எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். சந்தேகம் வந்தால் காட்ட வேறு சாட்சி இல்லை. வகுப்பில் குழுவாகச் செய்து பழகலாம், ஆனால் ஒப்படைப்பது தனி ஆளின் வேலை.

இடையில் வீடு மாறுவோர் கவனிக்கவேண்டியது: எந்தப் பொருளில் ஆக்கம் செய்வது என்பதைச் சபையே தருகிறது, அது ஒவ்வொரு வருடமும் மாறும். புதிய பாடசாலை வேறு சபையில் இருந்தால் செய்த வேலை பெரும்பாலும் வீண். சேருமுன் எந்தச் சபை என்று கேளுங்கள். வரவேற்பு மேசையில் இருப்பவருக்குத் தெரியாது. பாடசாலையின் பரீட்சை வேலைகளைக் கவனிக்கும் எக்ஸாம்ஸ் ஒஃபிசர் என்று ஒருவர் இருப்பார், அவரைக் கேளுங்கள்.

கமரா வாங்கக் கடன் படாதீர்கள், போனிலேயே நல்ல வேலை செய்யலாம். ஏ லெவல் பிள்ளையென்றால் 16 முதல் 19 வயதுக்கான பேர்சரி என்ற உதவித்தொகை நிதி இருக்கிறது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு உபகரணச் செலவுக்கும் அதிலிருந்து உதவலாம். வருமான வரம்பைப் பாடசாலையே தீர்மானிக்கிறது. விண்ணப்பிக்காதவரைத் தேடிவந்து யாரும் தரமாட்டார்கள். செப்டெம்பரிலேயே படிவம் கேளுங்கள்.

மீள்பார்வைக் கோரிக்கையை மின்னஞ்சலில் ஆசிரியருக்கும் எக்ஸாம்ஸ் ஒஃபிசருக்கும் சேர்த்து அனுப்புங்கள். முடிவைப் பாடசாலை எழுத்தில் தரவேண்டும். போனில் "எல்லாம் பார்த்துவிட்டோம், சரியாகத்தான் இருக்கிறது" என்றால், அதையே எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.