34 பின் கேபிளும் ஏற்காட்டுப் பூஞ்சணமும்

போன ஐப்பசியில் ஏற்காட்டிலிருந்து மாமா ஒரு பிஸ்கட் டப்பாவோடு சேலத்துக்கு இறங்கி வந்தார். உள்ளே முப்பது பிளாப்பிகள், அந்தக் காலத்தில் ஃபைல்களைச் சேமித்த காந்தத் தட்டுகள். பாதி வளைகிற 5.25 அங்குல வகை, மீதி கெட்டி உறை போட்ட 3.5 அங்குலம். தொண்ணூறுகளில் அவருடைய காபித் தோட்டத்துக் கணக்கெல்லாம் அதில்தான். "இதுக்குன்னு ஒரு ஒயர் இருக்கும்ல மாப்ள, மாட்டிப் பாரு" என்றார்.

ஒயர் இருக்கிறது. ஆனால் சிக்கல் ஒயரில் இல்லை. மூளை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில் இருக்கிறது.

மாமாவின் பழைய கம்ப்யூட்டரிலிருந்து ஒரு ஹார்ட் டிஸ்க்கும் வந்திருந்தது. அது ஐடிஈ வகை, அதாவது பழைய கம்ப்யூட்டர்களில் டிஸ்க்கை இணைத்த முறை. யூஎஸ்பி அடாப்டரில் மாட்டி, ஜம்பரை (டிஸ்க்கின் பின்புறம் உள்ள சின்ன இணைப்புத் துண்டை) மாஸ்டரில் வைத்து, மின்சாரம் கொடுத்ததும் ஐந்து நிமிடத்தில் ஃபோல்டர்கள் தெரிந்துவிட்டன. காரணம், ஐடிஈ டிஸ்க்கின் கட்டுப்பாட்டுச் சுற்று அதன் முதுகிலேயே இருக்கிறது. 'இத்தனையாவது பிளாக்கைக் கொடு' என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கும். தட்டு எப்படிச் சுற்றுகிறது என்று கேட்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை. இதிலும் ரொம்பப் பழைய, சில நூறு எம்பி டிஸ்க்குகள் பிளாக் எண்ணை அறியாதவை. சிலிண்டர் (எந்தத் தடம்), ஹெட் (எந்தப் படிப்பு முனை), செக்டர் (தடத்தில் எந்தத் துண்டு) என்று மூன்று எண்ணாகச் சொன்னால்தான் புரியும். பல யூஎஸ்பி அடாப்டர்களுக்கு அந்தப் பாஷை தெரியாததால், நல்ல டிஸ்க்கே செத்துப்போனது போலத் தெரியும். ஐடிஈ சாக்கெட் உள்ள பழைய டெஸ்க்டாப் ஒன்றைத் தேடிப் பிடிப்பதுதான் அதற்கு வழி.

பிளாப்பி டிரைவ் வேறு ஜாதி. அதற்கு மூளையே கிடையாது. மோட்டாரைச் சுற்று, ஹெட்டை ஒரு படி நகர்த்து என்ற கட்டளைகளுக்குப் பணியும்; ஹெட்டுக்குக் கீழே காந்தத்தின் திசை மாறும்போதெல்லாம் 34 பின் கேபிளில் ஒரு துடிப்பை அனுப்பும். அவ்வளவுதான். எது பைட், எங்கே செக்டர் தொடங்குகிறது என்பதையெல்லாம் கம்ப்யூட்டருக்குள் இருந்த கன்ட்ரோலர் சிப்தான் கண்டுபிடித்தது. இன்றைய மதர்போர்டுகளில் அந்தச் சிப் இல்லை.

பறை அடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அடியும் ஒன்றுபோலத்தான் கேட்கிறது. அடிக்கும் அடிக்கும் இடையிலான நேரத்தில்தான் தாளம் இருக்கிறது. 1.44 எம்பி பிளாப்பியில் இரண்டு துடிப்புகளுக்கு நடுவே 2, 3 அல்லது 4 மைக்ரோவிநாடி இடைவெளி வரும். இந்த மூன்றே இடைவெளிகளில் மொத்தத் தகவலும் அடங்கிவிடுகிறது. 80 டிராக் (வட்டத் தடம்), 2 பக்கம், டிராக்குக்கு 18 செக்டர், செக்டருக்கு 512 பைட். பெருக்கினால் 14,74,560 பைட். (ஆயிரத்தையும் 1024-ஐயும் ஒரே கணக்கில் கலந்ததால் வந்த பெயர்தான் 1.44 எம்பி. எந்தக் கணக்குப்பிள்ளையும் ஒத்துக்கொள்ள மாட்டார்.)

கடையில் கிடைக்கும் யூஎஸ்பி பிளாப்பி டிரைவில் இந்தக் கன்ட்ரோலர் உள்ளேயே இருக்கிறது. ஆனால் 3.5 அங்குலம் மட்டும், அதிலும் வழக்கமான வடிவங்கள் மட்டும். வயதான பிளாப்பியில் துடிப்பு சற்றுத் தள்ளிப் போய் இடைவெளி இரண்டரையாக வந்தால், அது இரண்டா மூன்றா என்று தடுமாறும். சில தடவை முயன்றுவிட்டுக் கையை விரித்துவிடும்.

அங்கேதான் கிரீஸ்வீசல் போன்ற சின்ன போர்டு உதவுகிறது. கீர் ஃபிரேசர் என்பவர் உருவாக்கிய திறந்த மூலத் திட்டம் அது. ஒரு பக்கம் பழைய டிரைவின் 34 பின் கேபிள், மறுபக்கம் யூஎஸ்பி. அது எதற்கும் அர்த்தம் கண்டுபிடிக்காது. துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தை மட்டும் அளந்து அப்படியே கம்ப்யூட்டருக்கு அனுப்பும். தாளத்தைப் பதிவுசெய்துகொண்டு அப்புறம் நிதானமாகக் கேட்பது போல. 3.5 அங்குல டிரைவ் ஒரு சுற்றுக்கு 0.2 விநாடிதான் எடுக்கும். அதனால் ஒரே டிராக்கை ஐந்தாறு சுற்று பதிவுசெய்து, எந்தச் சுற்றில் செக்டரின் சரிபார்ப்பு எண் ஒத்துவருகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

5.25 அங்குலத்தில் இரண்டு விஷயம். அந்த டிரைவின் மோட்டாருக்கு 12 வோல்ட் வேண்டும். யூஎஸ்பியின் 5 வோல்ட் போதாது. பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளை ஒன்று கைவசம் இருக்கட்டும். இன்னொன்று, பழைய 360 கேபி பிளாப்பியைப் பின்னால் வந்த 1.2 எம்பி டிரைவில் படிக்கலாம், எழுதவே கூடாது. அதன் ஹெட் குறுகலானது. அகலமான பழைய தடத்தின் நடுவில் மட்டும் எழுதும், ஓரத்தில் பழையது அப்படியே நிற்கும். பிறகு பழைய டிரைவில் போட்டால் இரண்டும் கலந்து குளறுபடிதான்.

இவ்வளவும் பிளாப்பி சுத்தமாக இருந்தால். சுமார் 1,500 மீட்டர் உயரத்துப் பனியில் இருபது வருடம் கிடந்த டப்பா அது. உறையின் ஜன்னலைத் திருப்பிப் பார்த்தால் தட்டின்மேல் வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சணம். அப்படியே சுற்றவிட்டால் பூஞ்சணத்தோடு காந்தப் பூச்சும் சுரண்டிக்கொண்டு வரும். அது ஹெட்டில் ஒட்டி அடுத்த பிளாப்பியையும் கீறும். முதல் பிளாப்பியை அவசரப்பட்டு இப்படித்தான் பாழாக்கினேன். பிறகு ஒவ்வொன்றையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால் துடைத்து, காயவைத்து, எழுதவிடாத பூட்டைப் போட்டுத்தான் டிரைவுக்குள் விட்டேன். அந்தப் பூட்டு 3.5 அங்குலத்தில் துளை திறந்திருந்தால் விழும், 5.25-இல் ஓர வெட்டை மூடினால்தான் விழும். நேர்மாறு!

முப்பதில் இருபத்து மூன்று தேறின. மாமாவின் கணக்கு ஃபைலைத் திறந்தால் பிரெஞ்சு எழுத்துகள் போல ஒரே கிறுக்கல். துடிப்பு பைட் ஆகிவிட்டது, பைட் தமிழாகவில்லை. 1999-இல் தமிழ்நாடு அரசு டாம், டேப் என்ற தமிழ் எழுத்துக் குறியீட்டுத் தரங்களை ஏற்கும் முன்பு ஒவ்வொரு எழுத்துருக்காரரும் அவரவர் இஷ்டத்துக்கு எண்களில் எழுத்துகளை அடைத்துவைத்திருந்தார்கள். அந்த எழுத்துரு இல்லாமல் வாசிக்க முடியாது. நல்லவேளை, அதே டப்பாவின் பதினேழாவது பிளாப்பியில் அது கிடந்தது. நிறுவியதும் முதல் வரி தெளிந்தது: 'மிளகு பறிப்பு, ஆள் 14.'