பிரேக் எப்போது கத்துகிறது?

பினாங்கில் காலையில் காரை எடுத்து முதல் சந்தியில் பிரேக்கை மிதித்தால் ‘கரகர’ என்று ஒரு சத்தம் வரும். நாலைந்து முறை மிதிப்பதற்குள் போய்விடும். இதற்காகப் பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற வட்டத் தகடு வார்ப்பிரும்பு. இரவு மழையோடு கடற்காற்றின் உப்பும் சேர்ந்தால் விடிவதற்குள் அதன் முகத்தில் மெல்லிய துரு பூத்துவிடும்; மிதிக்கும்போது டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பேட் அதைச் சுரண்டி எடுக்கும் சத்தம்தான் அது. பத்து கிலோமீட்டர் ஓடியும் நிற்கவில்லை என்றால் காரணம் வேறு.

பட்டறையில் ‘பிரேக் கத்துது’ என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் பேட்டை மாற்றிக் கொடுப்பார்கள். சில நேரம் இரண்டு மாதத்தில் அதே சத்தம் திரும்பி வரும். அதனால் சத்தம் எப்போது வருகிறது என்பதை முதலில் பிடியுங்கள். கண்ணாடியை இறக்கிவிட்டு, அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் சுவரை ஒட்டி 20 கிலோமீட்டர் வேகத்தில் போங்கள். சக்கரத்தின் சத்தம் சுவரில் பட்டு நேரே காதுக்கு வரும். மிதித்தும், மிதிக்காமலும், பின்னோக்கி ஓட்டியும் கேளுங்கள்.

மிதிக்கும்போது மட்டும் ‘கீ...ச்’ என்று வந்தால் அது அதிர்வு. கரும்பலகையில் சாக்பீஸை நேராக நிறுத்தி எழுதினால் கீச்சிடும், சாய்த்துப் பிடித்தால் அடங்கிவிடும். பேட்டும் டிஸ்க்கும் அப்படித்தான். பேட் ஒட்டுகிறது, வழுக்குகிறது, மீண்டும் ஒட்டுகிறது. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை நடக்கும் இந்த இழுபறியில் டிஸ்க் மணியைப்போல ஒலிக்கிறது. பேட்டின் ஓரங்களைச் சரிவாகச் சீவியிருப்பதும், முதுகில் ஷிம் என்ற மெல்லிய தகட்டை வைப்பதும் இதை அடக்கத்தான். புது பேட் போட்டதும் கத்தத் தொடங்கினால், பழைய ஷிம்மைத் தூக்கி எறிந்துவிட்டார்களா என்று கேளுங்கள்.

மிதிக்காமல் ஓடும்போதே மெல்லிய கீச்சொலி வந்து, மிதித்ததும் மாறினாலோ நின்றாலோ அது எச்சரிக்கை. பல பேட்களில் ஒரு சிறு எஃகு நாக்கு இருக்கும். புதிதில் சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும் உராய்வுப் பொருள் 2, 3 மில்லிமீட்டராகத் தேய்ந்ததும் அந்த நாக்கு டிஸ்க்கைத் தொடும்.

அடிக்கடி தவறவிடப்படும் காரணம் ஸ்லைடு பின். பெரும்பாலான சிறிய கார்களில் முன் சக்கரத்தின் பேட்களைப் பிடித்திருக்கும் கேலிப்பருக்கு ஒரே பக்கம்தான் பிஸ்டன். அது உள்பக்கப் பேட்டைத் தள்ளும். அந்த எதிர்விசையில் கேலிப்பரின் உடல் இரண்டு பின்களின் மேல் நகர்ந்து வெளிப்பக்கப் பேட்டை இழுக்கும். அந்தப் பின்களின் ரப்பர் உறை கிழிந்து மழைநீர் புகுந்தால் அவை துருப்பிடித்து இறுகும். கேலிப்பர் நகராது, காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். அப்போது இரண்டு பேட்களும் ஒன்றுபோலத் தேயாது. வெளியே பாதி மிச்சமிருக்க, உள்ளே பேட்டின் முதுகுத் தகடே தெரியும். சக்கரத்தின் இடைவெளி வழியே பார்த்து ‘இன்னும் இருக்கு’ என்று சொல்வது ஆபத்தாவது இங்கேதான். கண்ணுக்குத் தெரிவது வெளிப்பக்கப் பேட் மட்டுமே. 20 நிமிடம் ஓட்டியபின் இரண்டு முன் சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே ஏதோ இறுகியிருக்கிறது. பின்னைக் கழற்றி, துருவைத் துடைத்து, பிரேக்குக்கான சிலிக்கோன் கிரீஸை மெல்லியதாகப் பூச வேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்பவைத்து மறுபடி இறுக்கிவிடும். உறையையும் மாற்றாவிட்டால் அடுத்த மழைக்கே பழைய கதை.

தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவுக்குப் போகும் மலைச்சாலை இறக்கத்தில் பிரேக்கிலேயே கால் வைத்திருந்தால் பேட்டின் முகம் சூட்டில் கண்ணாடிபோல மினுமினுப்பாகும். கீச்சிடும், பிடிப்பும் குறையும். இறக்கத்தில் தாழ்ந்த கியருக்கு வந்துவிடுங்கள்.

மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் தகரத்தைச் சுரண்டுவதுபோல் கேட்டால் டிஸ்க்குக்கும் தூசித் தகட்டுக்கும் நடுவே கல் சிக்கியிருக்கலாம். சில மீட்டர் பின்னோக்கி ஓட்டினால் பல நேரம் விழுந்துவிடும். வேகத்தோடு ஏறி, வளைவில் கூடிக் குறையும் ரீங்காரம் சக்கரத்தின் பேரிங்கிலிருந்து வருவது. நெரிசலில் ஆட்டோ கியர் காரின் பிரேக்கை மெல்ல விடும்போது வரும் முனகல் பெரும்பாலும் தீங்கற்றது. சாகா, மைவி போன்ற மலேசியக் கார்களின் பல மாடல்களில் பின்னால் டிஸ்க்குக்குப் பதில் டிரம் என்ற மூடிய உருளைப் பிரேக்தான். அங்கே கூச்சல் வந்தால் கழற்றித் தூசியைத் துடைக்கச் சொல்லுங்கள். காற்றடித்து ஊத வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

சத்தத்தை அடக்க டிஸ்க்கிலோ பேட்டின் முகத்திலோ எண்ணெய் ஸ்பிரே அடிக்கவே கூடாது. பிரேக் பிடிக்காது. எண்ணெய் ஊறிய பேட்டைத் தூக்கி எறிவதைத் தவிர வழியில்லை.

புது பேட் போட்டால், ஆளில்லாத சாலையில் 60லிருந்து 10 கிலோமீட்டருக்கு எட்டு, பத்து முறை மிதமாக வேகம் குறையுங்கள். இடையில் முழுதாக நிற்க வேண்டாம். பிறகு ஐந்து நிமிடம் சும்மா ஓட்டி ஆறவிடுங்கள். பேட்டின் பொருள் டிஸ்க்கில் சீராகப் படிய இது தேவை.

‘கிர்ர்’ என்று இரும்போடு இரும்பு அரைபட்டு, அது பாதத்தில் தெரிந்தால் பேட் தீர்ந்து அதன் முதுகுத் தகடு டிஸ்க்கை அறுக்கிறது என்று பொருள். வீடு பக்கம்தான் இருந்தாலும் ஓட்டாதீர்கள். இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். டிஸ்க்கின் தடிமனை அளக்கச் சொல்லுங்கள். குறைந்தபட்ச அளவு பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் ஸ்கிம் செய்ய, அதாவது டிஸ்க்கின் முகத்தைக் கடைந்து சமப்படுத்த, ஒப்புக்கொள்ளாமல், இரண்டு பக்க டிஸ்க்கையும் சேர்த்தே மாற்றுங்கள்.