பாதிச் சாலையைத் தோண்டினால் மதியம் வரை நெரிசல் ஏன்?

கும்பகோணத்தை ஒட்டிய புறநகர்ப் பகுதியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவர் தெரு போய்ச் சேரும் பெரிய சாலையை அடியோடு தோண்டிப் புதிதாகப் போடுகிறார்கள். பாதி அகலத்தில் வேலை நடக்க, மீதிப் பாதியில் இரு பக்க வண்டிகளையும் மாற்றி மாற்றி விடுகிறார்கள். "காலை எட்டு முதல் பத்து வரை ஸ்கூல், ஆபீஸ் கூட்டம். அப்போது வரிசை நிற்பது சரி. பன்னிரண்டு மணிக்கும் நிற்கிறதே, அது எப்படி?" என்று கேட்கிறார்.

ஏன் தோண்ட வேண்டும் என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெல்டாவின் அடிமண் ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டலும் களியும். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் ஊறி இளகும், கோடையில் காய்ந்து வெடிக்கும். அதன்மேல் நெல் லாரியும் மணல் டிப்பரும் ஓடுகின்றன. அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த பெரிய சோதனை சொன்ன கணக்கு இது. பழைய தாரின்மேலேயே புதுத் தாரை அடுக்கிக்கொண்டே போனால் சாலை உயர்ந்து, வீடுகள் பள்ளத்துக்குள் போய்விடும். பழையதைச் சுரண்டி எடுத்த பிறகே புதிது போட வேண்டும் என்று 2021இல் தமிழக அரசே அறிவுறுத்தியது.

வேறு வழியில் திருப்பிவிடலாமே என்றால், அதற்கு இங்கே நிலம் இடம் கொடுப்பதில்லை. கும்பகோணம் நகரம் வடக்கே காவிரிக்கும் தெற்கே அரசலாற்றுக்கும் நடுவில் இருக்கிறது. சுற்றுவட்டாரச் சாலைகள் பலவற்றில் ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வீடோ வயலோ. அடுத்த பாலத்துக்குப் போய்ச் சுற்றி வரவேண்டும், அந்தப் பாலமும் பஸ் போகும் அகலத்தில் இருக்க வேண்டும். வேலைக்கான காலமும் குறுகியது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தார் போட முடியாது. எனவே பெரும்பாலும் பொங்கலுக்குப் பிறகுதான் தொடங்குகிறார்கள். அப்போதுதான் சம்பா அறுவடையும் நடக்கும். அறுவடை மிஷின், வைக்கோல் ஏற்றிய டிராக்டர், கொள்முதல் நிலையத்துக்குப் போகும் நெல் லாரி என எல்லாமே அந்தப் பாதிச் சாலையில்தான் போயாக வேண்டும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த கணக்குக்கு வருகிறேன்.

தோண்டிய நீளம் 400 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரு முனையிலும் கொடி பிடித்து ஆள் நிற்கிறார். கிழக்கு முனையில் சிவப்புக் கொடி காட்டியதும் மேற்கு முனையை உடனே திறந்துவிட முடியாது. கடைசியாக நுழைந்த வண்டி மறுமுனையைத் தாண்ட வேண்டும். அது மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து போகும் டவுன் பஸ் என்றால் நொடிக்கு 5 மீட்டர், 400 மீட்டருக்கு 80 நொடி. அந்த 80 நொடியும் இரு முனையிலும் ஒரு வண்டிகூட உள்ளே நுழையாது. மறுபடி கிழக்கைத் திறக்கும்முன் இன்னொரு 80. ஆக, ஒரு சுற்றுக்கு 160 நொடி வீண். சாலைப் பொறியாளர்கள் இதை இழப்பு நேரம் என்கிறார்கள்.

ஒவ்வொரு பக்கமும் 1 நிமிடம் திறந்தால், 280 நொடிச் சுற்றில் வண்டி நுழைவது 120 நொடி மட்டுமே. அதாவது 43 சதவீதம். 2 நிமிடம் திறந்தால் 400க்கு 240, அது 60 சதவீதம். ஒரு காருக்கும் அடுத்த காருக்கும் 2 நொடி இடைவெளி என்றால், இந்த 60 சதவீதத்தில் மணிக்கு 1,080 கார்கள் போகலாம். பஸ்ஸை மூன்று காராகவும், டூவீலரை அரைக் காராகவும் எண்ணிக்கொள்ளுங்கள்.

காலை எட்டிலிருந்து பத்து வரை மணிக்கு 1,200 வருகின்றன என்போம். மணிக்கு 120 மிஞ்சும், இரண்டு மணி நேரத்தில் 240. பத்து மணிக்குக் கூட்டம் குறைந்து 1,000 ஆகிறது. இப்போது சாலையால் மணிக்கு 80தான் கூடுதலாகத் தள்ள முடியும். 240ஐ 80ஆல் வகுத்தால் 3 மணி நேரம். பன்னிரண்டு மணிக்கு இன்னும் 80 கார் அளவு வரிசை நிற்கும், அது கரைவதற்குள் மணி ஒன்று ஆகிவிடும். கொள்முதல் நிலையத்தில் இரண்டு நாள் எடை போடத் தாமதமானால் சாக்கு மலைபோல் சேர்ந்து, பிறகு வாரக்கணக்கில் கரையாமல் நிற்பதும் இதே கணக்குதான். வரத்து கொஞ்சம் மிஞ்சினாலே போதும், தேக்கம் மளமளவென்று ஏறிவிடும். இறங்கும்போது மட்டும் நிதானமாகத்தான் இறங்கும்.

இதே சாலையில் ஒரு நேரத்தில் 200 மீட்டர் மட்டும் தோண்டுகிறார்கள் என்று வையுங்கள். இழப்பு நேரம் 160 நொடியிலிருந்து 80 ஆகிறது. அதே 2 நிமிடத் திறப்பில் 320க்கு 240, அதாவது 75 சதவீதம். மணிக்கு 1,350 கார்கள் போகும். வருவதோ 1,200. வரிசை சேரவே சேராது! வண்டிகள் அவைதான், ஓட்டுகிறவர்களும் அவர்கள்தான், நொடிக்கு 5 மீட்டர் என்ற வேகமும் அதுவேதான். மாறியது தோண்டிய நீளம் மட்டும். முதல்முறை இதைத் தாளில் போட்டுப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

400 மீட்டரிலேயே 75 சதவீதம் எட்டலாம். ஒவ்வொரு பக்கமும் 4 நிமிடம் திறந்தால் போதும். ஆனால் ஒரு நொடியில் வாய்ப்பைத் தவறவிட்டவர் 400 நொடி, ஏறக்குறைய 7 நிமிடம் வெயிலில் நிற்க வேண்டும். 1958இல் எஃப்.வி. வெப்ஸ்டர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் சிக்னல் விளக்குகளுக்குத் தந்த சூத்திரமும் இதைத்தான் காட்டுகிறது: இழப்பு நேரம் கூடக்கூட, சுற்றையும் நீட்டியே ஆக வேண்டும்.

நம் ஊரில் ஏழு நிமிடம் வரிசையில் யார் நிற்பார்கள்? டூவீலர்கள் இடுக்கில் புகுந்து முன்னால் வந்து, எதிர்ப்பக்கம் வரும் வண்டிகள் வெளியேற வேண்டிய இடத்தையும் அடைத்துக்கொண்டு நிற்கும். முன்னால் வருவதில் தவறில்லை. சின்ன வண்டிகள் சட்டென்று கிளம்பிப் போய்விடும், அது சாலைக்கு நல்லதுதான். வெளியேறும் வாயை அடைப்பதுதான் கெடுதல். அந்தப் பக்கத்து பஸ் வெளியே வர முடியாமல் நிற்க, 80 நொடி இழப்பு 3 நிமிடம், 4 நிமிடம் என்று நீள்கிறது. இரு முனையிலும் ஒரு பஸ் நீளத்துக்குத் தடுப்பு வைத்து எதிர்ப்பக்கத்தைக் காலியாக வைத்திருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இரவில் அந்தப் பள்ளத்தில் யாராவது விழுந்தால் "சாலை காவு கேட்குது" என்று சொல்லி, பூசணிக்காய் உடைத்து எலுமிச்சம்பழம் வைக்கிறார்கள். எனக்கு இது மனத்தை உறுத்துகிறது. பள்ளத்தின் ஓரத்தில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிய தடுப்பும், எரிகிற விளக்கும் இருந்திருந்தால் அவர் வீடு போய்ச் சேர்ந்திருப்பார். பழியைச் சாலையின்மீது போட்டால் விளக்கு வைக்க வேண்டியவரை யாரும் கேட்கப்போவதில்லை.

கான்ட்ராக்டர் நீளமாகத் தோண்டுவதற்கு நியாயம் உண்டு. ஜேசிபியும் ரோலரும் நாள் வாடகையில் நிற்கின்றன, ஒரே மூச்சில் ஓடினால் செலவு குறையும். அந்தச் செலவு எஸ்டிமேட்டில் இருக்கிறது. வெயிலில் நிற்பவர்களின் நேரமும் எரிகிற பெட்ரோலும் அதில் இல்லை. ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை மீட்டர் தோண்டலாம் என்பதை டெண்டரிலேயே எழுதிவிட வேண்டும் என்பது என் கருத்து. 2028இல் மகாமகம் வருகிறது. அதற்குள் இந்த வட்டாரத்தில் தோண்ட வேண்டிய சாலைகள் பல இருக்கும்.

மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் ஒரு சாலை எவ்வளவு வண்டிகளைத் தாங்கும் என்று கணக்கிட, இந்தியச் சாலைகளுக்கென்றே ஒரு கொள்ளளவுக் கையேடு தயாரித்திருக்கிறது, நல்ல பணி. ஆனால் வாய்க்கால் கரைச் சாலையில், அறுவடை மிஷினுக்குப் பின்னால் இருபது டூவீலர் ஊரும்போது இழப்பு நேரம் எவ்வளவு என்பதை இங்கே நின்றுதான் அளக்க முடியும். டெல்டாவின் பொறியியல் கல்லூரிகளுக்குச் சிறு நிதி கொடுத்தால் சிவில் மாணவர்கள் இதைச் செய்துவிடுவார்கள். கடைசி வண்டி கடக்க ஆகும் நொடி, ஒரு திறப்பில் நுழையும் வண்டிகள், மணிக்கு வந்து சேரும் வண்டிகள் ஆகிய மூன்றையும் குறித்தால் போதும். மாசியில் ஒரு முறை, அறுவடை ஓய்ந்த சித்திரையில் ஒரு முறை எடுக்க வேண்டும். ஏனென்றால் இரண்டு மாதத்திலும் சாலையில் ஓடும் வண்டிகள் வேறு.